ஊரில்லாத சொல்லுக்கு ஓர் இலை

கரட்டூரில் முதல் சொல் வந்து இறங்கியது மட்டன் கடை பாப்பையாவின் நாக்கில்தான். ஐப்பசி மழை விட்டு வெயில் வெறித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தொடைக்கறிக்கும் ஈரலுக்கும் பையும் தூக்குவாளியுமாக நின்ற கூட்டத்துக்கு முன்னால், ஸ்டூலை இஸ்டூல் என்றே ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய பாப்பையா, வெட்டுக்கட்டையில் கத்தியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து, "பார்பரிக்மஸ்" என்றார். எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி, எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டு, வழுவழுவென்று சொன்னார். ஆனால் குரல் அவருடையது இல்லை. குளிர் தேசத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்து பேசுகிற யாரோ ஒரு வயசான மனுஷியின் குரல் அது. கூட்டம் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தது, அப்புறம், "எனக்கு மொதல்ல போடுங்கண்ணே, மசாலா அரைச்சு வச்சுட்டு வந்துருக்கேன்" என்றது.

அன்று சாயங்காலமே பாப்பையாவின் வயிறு இரைய ஆரம்பித்தது. முதலில் வீட்டுக்குள் கேட்டது, அப்புறம் தெருமுனையில் கேட்டது, அப்புறம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் மழைதான் வருகிறதோ என்று வானத்தை அண்ணாந்து பார்க்கும்படி கேட்டது. அதுவரை அவர் அறுத்த ஆடுகளின் குரலெல்லாம் அந்த இரைச்சலுக்குள் தனித்தனியாகக் கேட்பதாக அவர் மனைவி சொல்லி அழுதாள்.

அடுத்ததாக போஸ்ட் ஆபீஸ் சுலோச்சனாவின் நாக்கில் "நியூடியஸ்டெர்ஷியன்" இறங்கியது. அந்தம்மாள் அன்றிலிருந்து முந்தாநாளில் வாழ ஆரம்பித்தாள். வீட்டில் முந்தாநாள் குழம்புக்கு உப்புப் பார்த்தாள், முந்தாநாள் பெய்த மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். நேற்றுச் செத்துப்போன தேங்காய்க்கடைக்காரரோடு கடைவாசலில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே யாரும் இல்லை. கடைக்காரர் மகன் சாத்தியிருந்த ஷட்டருக்கு இந்தப் பக்கம் நின்று, அப்பாவிடம் சாவி எங்கே என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று அவளிடம் கெஞ்சினான். அவளும் கேட்டுச் சொன்னாள், சாவி சொன்ன இடத்தில் இருந்தது.

வார்டு மெம்பர் கந்தவேலுக்கு "டிஃபெனஸ்ட்ரேஷன்" வந்தது. அவர் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக ஜன்னலை நோக்கி நகர்ந்து வெளியே விழுந்தன. டம்ளர் போயிற்று, மிக்சி போயிற்று, கல்யாண போட்டோ போயிற்று. கடைசியில் ஒரு மத்தியானம் அவரே மாடி ஜன்னல் விளிம்பில், கையைக் கட்டிக்கொண்டு, யாரோ தள்ளக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் ஊர் இதைப் பற்றிக் கூடிப் பேசியது.

சொல் முன்னால் வருகிறது, பொருள் பின்னாலேயே வருகிறது, இவ்வளவுதான் அவர்களுக்குப் புரிந்தது. இதெல்லாம் இங்கிலீஷ்காரர்களே சொல்ல மறந்துபோன இங்கிலீஷ் சொற்கள், சொல்வதற்கு நாக்கில்லாத சொல் பாழும் வீட்டில் சும்மாவா கிடக்கும், நாக்குத் தேடி அலையத்தானே செய்யும் என்று டீக்கடையில் முடிவுகட்டினார்கள். ஏன் கரட்டூருக்கு வர வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆசை தீராமல் அலைகிற எல்லாமும் கடைசியில் கரட்டூருக்குத்தான் வந்து சேரும் என்பதில் அந்த ஊருக்கு எப்போதுமே ஒரு பெருமை உண்டு.

அதனால் வைத்தியமும் பழைய வைத்தியமேதான். பேய் பிடித்தால் உடுக்கை அடித்து விரட்டுகிற கருத்தாண்டிக் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். உச்சிவெயிலில், பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில், அவர் பாப்பையாவை உட்காரவைத்து உடுக்கையை அடித்து, "யாரு நீ? எந்த ஊரு? ஒன்னையப் பெத்தவுக யாரு?" என்று கேட்டார். பேயாக இருந்தால் அழுதுகொண்டே தன் கதையைச் சொல்லும். இது சொல்லாயிற்றே, தன்னைத் தவிர வேறொன்றையும் சொல்லத் தெரியாமல், "பார்பரிக்மஸ், பார்பரிக்மஸ்" என்று திரும்பத் திரும்ப முனகியது. அப்போதுதான் 'லிட்டில் லண்டன் ஸ்போக்கன் இங்கிலீஷ்' நடத்துகிற அருளப்பன், மாணவர்களைப் பயமுறுத்துவதற்காக மேஜைமேல் வைத்திருந்த தலையணை தண்டி அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து, சொல்லுக்குப் பதிலாகத் தானே படித்தார்.

"பொருள், வயிறு இரைவது. ஊர், கிரேக்கம். பெத்தவுக யாருமில்லை, வயிறு போடுற சத்தத்துலேர்ந்தே பிறந்தது."

கிரேக்கம் என்று காதில் விழுந்ததும் பாப்பையாவின் கண் நிறைந்து வழிந்தது. அந்நிய இடத்தில் எந்த ஊர் என்று கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மனுஷனுக்கே தொண்டை அடைக்கும், சொல்லுக்கு அடைக்காதா? ஒரு விக்கல் எடுத்தது. வேப்பமரத்தடியிலிருந்து பைபாஸ் ரோட்டை நோக்கி, வழியில் படுத்திருந்த நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காதைத் தூக்கின. அவ்வளவுதான், பாப்பையா தண்ணீர் கேட்டார்.

சுலோச்சனாவின் சொல்லை லத்தீனுக்கு அனுப்பினார்கள். அங்கே 'இன்றோடு மூன்றாம் நாள்' என்று சொல்வதிலிருந்து அது பிறந்ததாம். கந்தவேலின் சொல்லுக்கும் லத்தீன்தான், ஜன்னல் வழியாக ஆட்களைத் தூக்கி எறிந்த ஏதோ ஒரு பழைய சண்டைக்குப் பேர் வைக்கப்போய் அது பிழைத்துக்கொண்டதாம். கோடாங்கியும் அருளப்பனும் ஒரே டி.வி.எஸ். வண்டியில், மடியில் உடுக்கையும் முதுகில் அகராதியுமாகச் சுற்றுப்பட்டி எல்லாம் போய்வந்தார்கள். கிரேக்கமும் லத்தீனும் கரட்டூர் ஜனங்களுக்கு சாத்தூர், விருதுநகர் மாதிரி ஆகிவிட்டன.

இந்த நிலையில்தான் வேலுத்தாயின் மகளுக்குச் சொல் வந்தது.

வேலுத்தாய் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிறவள். புருஷன் பம்பாய்ப் பக்கம் லாரி ஓட்டப் போய் அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். மகள் நித்திலாவுக்கு எட்டு வயசு, பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. காது நன்றாகக் கேட்கும், கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள். மதுரையில் காட்டாத டாக்டர் இல்லை. நாக்கில் குறையில்லை, தொண்டையில் குறையில்லை, பேசுகிறபோது பேசுவாள் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லி அனுப்பினார்கள். பந்தி முடிந்த பிற்பாடு மகளுக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, கையில் கரண்டியோடு எதிரே நின்று, வேலுத்தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். மெல்லுகிற வாய் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தப்பித் தவறி 'அம்மா' என்று திறந்துவிடாதா என்று பார்ப்பாள். "இப்படிப் பாத்தா பிள்ளைக்குக் கண்ணுபடும்க்கா, நீயும் உக்காந்து சாப்புடு" என்று கைகழுவுகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் நின்றபடியே இருப்பாள், பிள்ளை எழுந்துபோன பிறகு அடுப்படியில் ஏதோ அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

அப்படி நின்றிருந்த ஒரு மத்தியானம், ரசத்துச் சோற்றில் கை வைத்தபடி நித்திலா தலையைத் தூக்கி, "க்ரோக்" என்றாள்.

வேலுத்தாய் கையிலிருந்த கரண்டி விழுந்தது. கிழவிக் குரல் இல்லை, எட்டு வயசுப் பிள்ளையின் குரல்தான், கொஞ்சம் கரகரத்து, பூட்டியே கிடந்த அறையைத் திறந்த மாதிரி இருந்தது. வேலுத்தாய் மகளைக் கட்டிக்கொண்டு, அது என்ன சொல், எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல், ஓவென்று அழுதாள். அன்றைக்கு மெஸ்ஸுக்கு வந்த எல்லோருக்கும் சேமியா பாயசம் ஊற்றினாள்.

அகராதியைத் தூக்கிக்கொண்டு அருளப்பன் வந்தார். "அக்கா, ஒரு எட்டு பொருள் பாத்துருவமா?"

"பாக்கப்படாது சார்." வேலுத்தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "பொருள் பாப்பீக, பெறகு ஊரு பாப்பீக, பெறகு அனுப்பி வச்சுருவீக. எம் பிள்ளை வாயில மொத மொதல்ல வந்தது. அது என்ன எழவா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்."

தினமும் காலையில் தலைவாரிவிடும்போது, "ஒரு தடவை சொல்லு கண்ணு" என்பாள். "க்ரோக்" என்பாள் பிள்ளை. அதை போனில் பதிந்து வைத்துக்கொண்டு, அரிசி களையும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் போட்டுக் கேட்டாள்.

பொருளைப் பார்க்காவிட்டால் பொருள் வராமல் இருந்துவிடுமா? நித்திலா சாப்பிடுகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். மெஸ்ஸில் பந்திக்கு முன்னால் வந்து நின்று, சோறு போகிற வாய்களை, ஒவ்வொரு வாயாக, இமைக்காமல் பார்த்தாள். ஒன்றும் கேட்கமாட்டாள், கைநீட்டமாட்டாள். சாப்பிடுகிறபோது அடுத்தவர் கண் பட்டால் வயிற்றுவலி வரும் என்பது கரட்டூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வயிற்றுவலி வரவில்லை, பசிதான் போகவில்லை. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டவர்கள் இலையை விட்டு எழுந்து, சாப்பிட உட்கார்ந்தபோது இருந்த அதே பசியோடு, பஸ் ஏறிப் போனார்கள். வேலுத்தாய் மகளை அடுப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து பிள்ளை ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் நின்றாள்.

ரைஸ்மில் குமரையா வீட்டு நிலைப்படியில் அவள் நின்று பார்த்த அதே உச்சிவேளையில் சுலோச்சனா வீட்டுக் கொல்லைக் கதவிலும் நின்றாள், மேலத்தெருக் கல்யாண வீட்டுப் பந்தியின் கோடியிலும் நின்றாள், இங்கே சாத்திய அடுப்படிக்குள் அம்மா மடியிலும் உட்கார்ந்திருந்தாள். ஊர் ஜனங்கள் இதற்கும் ஒரு வழக்கம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். சாப்பிட உட்காருமுன் ஒரு கைப்பிடிச் சோற்றைக் கிழிந்த இலையில் வைத்து, "எடுத்துக்கிட்டுப் போயிரு" என்று வாசல்படியில் தள்ளிவிட்டு, கதவைத் தாழ்போட்டார்கள். அந்தச் சோற்றைக் காக்கைகூடத் தொடவில்லை. மத்தியானமானால் ஊரில் எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும், உள்ளே போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆம்பளைகளும் பொம்பளைகளும் திருட்டுத்தனமாகச் சோறு தின்பார்கள். தெருவில் வெயில் மட்டும் நிற்கும்.

இதெல்லாம் வேலுத்தாய்க்குத் தெரியும். மெஸ்ஸில் ஈ ஆடியதும் தெரியும். தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாததாக இருந்தது ஒன்றுதான், பிள்ளை எவ்வளவு தின்றாலும் அவள் உடம்பில் ஒட்டவில்லை. ஒருநாள் குளிப்பாட்டத் தூக்கினாள், கொடியில் காய்ந்த பாவாடையை எடுக்கிற கனம்தான் இருந்தது. வெளிச்சத்தில் நிறுத்தினால் தோளுக்கு அந்தப் பக்கம் சுவரில் தொங்கிய காலண்டர் லேசாகத் தெரிந்தது. வேலுத்தாய் துண்டால் அவளைச் சுற்றிக்கொண்டு வெகுநேரம் குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். சொல்லை அனுப்பினால் பிள்ளை வாயடைத்துப் போவாள், வைத்துக்கொண்டால் பிள்ளையே இல்லாமல் போவாள். கடைசியில் அவளே மகளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

ஊரே கூடியிருந்தது. கருத்தாண்டி உடுக்கையை அடித்தார். "யாரு நீ? எந்த ஊரு? ஒன்னையப் பெத்தவுக யாரு?"

"க்ரோக்" என்றாள் நித்திலா.

அருளப்பன் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். "பொருள், பிறர் உண்ணும்போது, தனக்கும் கிடைக்காதா என்கிற ஏக்கத்தோடு, வாய் திறந்து கேளாமல், அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது."

 கரண்டியும் கையுமாகத் தான் நின்ற மத்தியானமெல்லாம் வேலுத்தாயின் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று. இது பிள்ளையைத் தேடி வந்த சொல்தானா என்று முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஊரு?" என்றார் கோடாங்கி.

"ஸ்காட்லாந்துப் பக்கம் பேசியிருக்காங்க."

"அது தங்குன ஊரு சார். பொறந்த ஊரு எது?"

அருளப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "தெரியலைன்னு போட்டிருக்கு."

உடுக்கை நின்றது. கருத்தாண்டியின் ஆயுசில் ஊரில்லாத பேய் ஒன்று வந்ததில்லை.  ஊரே இல்லாததை எங்கே அனுப்புவது? குமரையாதான் முன்னால் வந்தார், பசியில் அவருக்குக் கண் இடுங்கிப் போயிருந்தது. "இதுல என்ன சார் யோசனை? எல்லாத்துக்கும் கிரேக்கம்னு தானே சொல்றீக, இதுக்கும் சொல்லிவிடுங்க. அது என்ன போயி ரேஷன் கார்டா காட்டப்போகுது?" கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. அருளப்பன் அகராதியைப் பார்க்காமல் மூடிவைத்துவிட்டு, "ஊர், கிரேக்கம்" என்றார்.

"சார், சொல்லாதீக!" என்று கோடாங்கி கையைத் தூக்கியபோது நேரம் கடந்துவிட்டது. விக்கல் வரவில்லை, கண் கலங்கவில்லை. நித்திலா எழுந்தாள், பைபாஸ் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். புழுதியில் அவள் கால் பதியவில்லை. நாய்கள் காதைத் தூக்கவில்லை, எழுந்து வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

"இல்லாத ஊருக்கு வழி சொல்லிட்டீக" என்றார் கருத்தாண்டி. "அது தனியாப் போகுமா? தொணைக்குப் பிள்ளையக் கூட்டிக்கிட்டுல போகுது."

வேலுத்தாய் ஓடினாள். ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தாள், கை தண்ணீராக நழுவியது. இடுப்பைக் கட்டினாள், கட்டிய கை தன் மாரில்தான் வந்து சேர்ந்தது. பிள்ளை ரோட்டின் நடுக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தாள். மெஸ்ஸின் போர்டு எதிரே தெரிந்தது, அதைப் பார்த்ததும் வேலுத்தாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. செய்தால் எது போய்விடும் என்பதும் சேர்ந்தே தெரிந்தது. வாயைப் பார்த்து நிற்பதுதான் அதன் பொருள், உட்காரச் சொல்லிவிட்டால் அதற்கு அப்புறம் பொருள் ஏது? பொருள் தீர்ந்தால் சொல்லும் போய்விடும், சொல்லோடு அந்தக் குரலும் போய்விடும். இந்த ஊரில் இத்தனை பேர் வாசலில் சோற்றைத் தள்ளினார்கள், உள்ளே வா என்று ஒருத்தர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் மகளைக் கூப்பிடவில்லை, மகளுக்குள் இருந்ததைக் கூப்பிட்டாள். "நில்லுங்க. சார் சொன்னது பொய்யி. அங்க ஒங்களுக்கு யாருமில்ல." மூச்சு வாங்கியது. "வாங்க, வந்து உக்காருங்க. சாப்புட்டுப் போவீக."

பிள்ளை நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த சம்பந்தியை அழைத்துப் போவதுபோல் வேலுத்தாய் பின்னால் பாராமல் முன்னே நடந்தாள், பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

தலைவாழை இலையாகப் பார்த்து இரண்டு போட்டாள். ஒன்றுக்கு முன்னால் நித்திலா உட்கார்ந்தாள். மற்றதற்கு எதிரே யாரும் தெரியவில்லை. வேலுத்தாய் அந்த இலைக்குத் தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, அவரைக்காய்ப் பொரியல் வைத்து, அப்பளம் வைத்து, சோற்றைப் போட்டுச் சாம்பாரை ஊற்றினாள். "வேணுங்கிறதக் கேட்டு வாங்கிச் சாப்புடுங்க" என்றாள். நித்திலா அந்த இலையைப் பார்த்து, மிக மெல்ல, "க்ரோக்" என்றாள். வேலுத்தாய் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். அதுதான் கடைசி என்று அவளுக்குத் தெரியும்.

இலையில் சோறு குறைய ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து, நிதானமாக, நெடுநாள் பசிக்காரர் கௌரவத்தை விடாமல் சாப்பிடுகிற மாதிரி குறைந்தது. ரசம் ஊற்றினாள், தீர்ந்தது. மோர் ஊற்றினாள், தீர்ந்தது. மெஸ் வாசலில் குமரையா, பாப்பையா, சுலோச்சனா, ஊர் முழுக்க நிலைப்படியை அடைத்துக்கொண்டு, ஒரு சத்தமில்லாமல், அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றது. "அங்கன நின்னு என்ன பாக்குறீக? உள்ள வந்து உக்காருங்க" என்றாள் வேலுத்தாய். அவர்கள் வெட்கத்தோடு செருப்பைக் கழற்றினார்கள்.

கரட்டூரில் கல்யாணம் காட்சியென்றால் சாப்பிட்ட இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள், உறவு தொடரட்டும் என்று அதற்கு அர்த்தம். எழவு வீடென்றால் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள், இனி இப்படி வரவேண்டாம் என்று அர்த்தம். யாருமில்லாத அந்த இடத்தில் காலியான இலை, எல்லோரும் பார்க்கப் பார்க்க, மெதுவாகத் தன் பக்கமாக மடிந்துகொண்டது. வாசலுக்கு வெளியே ஒரு நாய் காதைத் தூக்கியது.

கோடாங்கி கையெடுத்துக் கும்பிட்டார். அருளப்பன் அன்று ராத்திரியோ மறுநாளோ அகராதியில் 'தெரியவில்லை' என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 'கரட்டூர்' என்று எழுதியதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

வேலுத்தாய் போனை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சீப்பு தலைமயிரில் இழுபடுவது கேட்டது, "ஒரு தடவை சொல்லு கண்ணு" என்று அவள் குரல் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு மகளைப் பார்த்தாள். நித்திலா சாம்பார்ச் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள், அவளுடைய தோளுக்கு அந்தப் பக்கம் சுவர் தெரியவில்லை. வாய் மென்றது, மூடியது, மென்றது. கரண்டியும் கையுமாக வேலுத்தாய் எதிரே நின்று, பழக்கதோஷத்தில், அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நித்திலா சாப்பிடுவதை நிறுத்தினாள். எழுந்துபோய் இலைக்கட்டிலிருந்து இன்னொரு இலையை உருவிக்கொண்டு வந்து, தன் இலைக்குப் பக்கத்தில் போட்டு, அம்மா செய்கிற மாதிரியே தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் சட்டியை இழுத்து, சோற்றைச் சிந்திச் சிந்திப் போட்டாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, பக்கத்துத் தரையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

வேலுத்தாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.